பொதுப்பந்திக்கு நாம் கொண்டுவந்த உணவு

(வெள்ளி விழா நாளன்று மாலை, பொதுப்பந்திக்கு முன்னர் விருந்துக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். விருந்துக் குழுவைச் சேர்ந்த எங்களுக்குக் கிடைத்த பொருள் சோறு. காலையிலிருந்து உரை கேட்டு இளைத்திருக்கும் உங்கள் முன், பந்திக்குச் சற்று முன்னர் சோற்றைப் பற்றிப் பேசுவது கொடுமை என்று செயலாளர் சொன்னார். கொடுமைதான். ஆயினும், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் ஆண்டு விழா ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று நாம் கொண்டுவந்து வைத்த உணவை வரிசையாக எண்ணிப் பார்த்தால், நம் மணவூர்க் காலனியின் வரலாறு அதில் பெரும்பகுதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வேறு எவரும் எழுதப் போவதில்லை.

தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் மணவிற்கோட்டம் ஒன்று என்பதை நம் மாணவர்கள் படித்திருப்பார்கள். சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலில் அமுதுக்கு எத்தனை நாழி அரிசி, எத்தனை ஆழாக்கு நெய் என்று அளவு தவறாமல் சொல்லும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று எல்லை குறிக்கும்போது மட்டும் நம்மைச் சொல்லும். அந்தச் சேரியில் அன்றிரவு அடுப்பில் என்ன இருந்தது என்பது எந்தக் கல்லிலும் இல்லை. ஆகையால் நம் பாத்திரங்களை நாமே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

இளைஞர்கள் ஒன்றை அறிய வேண்டும். வீட்டுக்கு வீடு உணவு கொண்டுவந்து ஒன்றாக வைத்து உண்ணும் வழக்கம் இந்தச் சங்கம் கண்டுபிடித்ததன்று. ஆடி மாதக் கூழ் அதற்கு மூத்தது. இன்றும் நம் அம்மன் கோயிலில் நடப்பதுதான். முந்தைய நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். நொய்யை வேக வைத்து, அதில் புளித்த கரைசலை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருப்பார்கள்; கை ஓயும், கண்ணில் புகை ஏறும். ஆறிய கூழைக் குடத்தில் ஊற்றி, வேப்பிலை செருகி, தலையில் சுமந்துகொண்டு கோயிலுக்கு வருவார்கள். அங்கே ஓர் அண்டா இருக்கும். எல்லா வீட்டுக் குடமும் அந்த ஓர் அண்டாவில் கவிழும். ஒருத்தி கூழில் உப்பு மிகுந்திருக்கும், ஒருத்தி கூழ் நீர்த்திருக்கும், ஒருத்தி வீட்டில் மாவே அரைப்படிதான் இருந்திருக்கும். அண்டாவில் கலந்த பின் எது எவள் கூழ் என்று அம்மனாலும் பிரித்துச் சொல்ல இயலாது. முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் துணைக்கு இருக்கும். காலனி முழுவதும் அதையே குடிக்கும்.

ஊரிலும் கூழ் வார்த்தார்கள். அவர்கள் அண்டா வேறு, நம் அண்டா வேறு. மாவு ஒன்று, மாதம் ஒன்று, அம்மனும் ஒருத்தி.

இதற்கு நேர் எதிரான வேறொரு சோறும் நம் முன்னோர்க்கு இருந்தது. அதைச் சொல்லும்போது பெரியவர்கள் சிலருக்கு முகம் சுளிக்கும். ஊரில் திருமணம் நடந்தால், பறையடித்தவர்களும் வெட்டிவேலை பார்த்தவர்களும் பந்தி எல்லாம் முடியும் வரை வீட்டின் பின்புறம் காத்திருந்து, மிஞ்சிய சோற்றைத் துண்டிலும் கூடையிலும் வாங்கிவந்தார்கள். சாம்பாரும் பொரியலும் பாயசமும் அந்தச் சோற்றோடு ஒன்றாகக் குழைந்திருக்கும். பிள்ளைகள் அதற்காக வழி பார்த்திருப்பார்கள். மகிழ்ச்சியோடு உண்டதையும் மறைப்பதற்கில்லை. பசித்த பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. தெரிந்த வயதில் தொண்டையில் சிக்கும்.

1927ஆம் ஆண்டு மார்ச் மாதம் மகாடில், சவுதார் குளத்து நீரைக் குடிக்கச் செல்லும் முன், அண்ணல் அம்பேத்கர் தம் மக்களிடம் வைத்த வேண்டுகோள்களில் இதுவும் ஒன்று. செத்த மாட்டை உண்ணாதீர், பிறர் வீசும் மிச்சச் சோற்றை வாங்காதீர் என்றார். நீர் உரிமையைக் கேட்கப் போகும் இடத்தில் சோற்றைப் பற்றி ஏன் பேசினார் என்பதை நம் சங்கத்தை நிறுவிய பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். ஆதலால்தான் முதலாம் ஆண்டு விழாவுக்கு எழுதிய குறிப்பில், உணவைப் பற்றி ஒரே ஒரு விதி இருந்தது: அவரவர் வீட்டு அடுப்பில் ஆக்கியதையே கொண்டுவர வேண்டும்; எவரிடமும் வாங்கி வரலாகாது. என்ன ஆக்க வேண்டும், எவ்வளவு ஆக்க வேண்டும் என்று விதி இல்லை.

அந்த முதல் ஆண்டு பந்தியில் என்ன வந்தது? புளிச்சோறு வந்தது, எலுமிச்சைச் சோறு வந்தது, தயிர்ச்சோறு வந்தது, வெறும் சோறும் சாம்பாரும் பல வீடுகளிலிருந்து வந்தன. ஒரே நிறத்தில் பதினைந்து பாத்திரச் சாம்பாரைப் பார்த்து அன்றைய இளைஞர்கள் சிரித்தார்கள். ஆனால் அதில் ஒரு செய்தி இருந்தது. எவரும் களி கொண்டுவரவில்லை, கூழ் கொண்டுவரவில்லை. அன்றாடம் உண்டது ஒன்று, சபைக்குக் கொண்டுவந்தது வேறொன்று. நெல்லை நட்டவர்களும் அறுத்தவர்களும் நாமே ஆயினும், நெல்லுச்சோறு நம் தாத்தா பாட்டிக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியதாய் இருந்தது. மற்ற நாள்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும்தான். சோறு என்றால் மதிப்பு, களி என்றால் வறுமை என்ற கணக்கு நம் நெஞ்சில் ஊறிப் போயிருந்தது.

அந்தக் கணக்கை அரசியலும் அறிந்திருந்தது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி வாக்குப் பெட்டியை அசைத்ததற்குக் காரணம் அரிசியின் விலை மட்டுமன்று, அரிசியின் மதிப்பும்தான். 2008இல் நியாயவிலைக் கடையில் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்தது. 2011 சூன் முதல் விலையின்றியே வருகிறது. அதன்பின் அரிசிச் சோறு ஒரு கௌரவமாக இல்லை. அது எல்லா வீட்டிலும் எல்லா நாளும் இருக்கும் பொருளாயிற்று. பந்திக்கு வெறும் சோறு கொண்டுவருவதும் குறையத் தொடங்கிற்று. இதை நாங்கள் பின்னால்தான் கவனித்தோம்.

முதல் நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஒரு விழாவில், வயது முதிர்ந்த ஆயா ஒருவர் மட்டும் ஒரு கூடையில் துணி விரித்து, கேழ்வரகுக் களி உருண்டைகளை அடுக்கி, புளிச்சக்கீரைக் கடைசலோடு கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் அருகில் நிற்கவில்லை; வெட்கப்பட்டுத் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பந்தி தொடங்கிக் கால் மணி நேரத்தில் கூடை வெறுமையாயிற்று. படித்து வேலைக்குப் போன பிள்ளைகள்தாம் முதலில் எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நகரி, புத்தூர்ப் பக்கம் பெண் கொடுத்து எடுத்த வீடுகளிலிருந்து ராகி சங்கட்டியும் வேர்க்கடலைச் சட்டினியும் வந்தன. திருத்தணி வட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எல்லையை அளந்து பிரித்தார்கள். புளிச்சக்கீரையை எவராலும் பிரிக்க முடியவில்லை. அங்கே கோங்குரா, இங்கே புளிச்சக்கீரை, சட்டி ஒன்றுதான்.

இப்போது கூழின் நிலை என்ன? 2023ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. நம் ஆயாமார் வெட்கப்பட்டு மறைத்த கேழ்வரகை மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். பட்டணத்துக் கடையில் கண்ணாடிக் குவளையில் கூழ் விற்கிறார்கள். அதை வாங்கிக் குடித்துவிட்டு வந்து, விலையையும் சொல்லி, நம் பிள்ளைகள் வியக்கிறார்கள். வியப்பில் பாதி கோபம்.

சமையலில் அடுத்த பெரிய மாற்றத்தை உண்டாக்கியது மின்சாரம். 2006க்குப் பின் அரசின் எரிவாயு அடுப்பு சில வீடுகளுக்கு வந்தது. 2011 செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கி வைத்த திட்டத்தால் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் வாசலில் துணி துவைக்கும் கல்லாயின. அடுத்தடுத்த ஆண்டுப் பந்திகளில் இட்டிலி மலை மலையாக வந்ததை நாங்கள் மறக்கவில்லை. விடியற்காலையில் வயலுக்குப் போகும் பெண், மாவாட்ட இரண்டு மணி நேரம் எங்கிருந்து எடுப்பாள்? இட்டிலி தீபாவளிப் பலகாரமாக இருந்ததன் காரணம் அரிசி உளுந்தின் விலையோடு அவள் கையில் நேரம் இல்லாமையும்தான்.

அதற்குப் பின் வந்தவற்றைச் சொல்லி மாளாது. சப்பாத்தி, குருமா, சேமியா பிரியாணி, காளான் வறுவல், கோபி மஞ்சூரியன், பிரைடு ரைஸ், கேக். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய்வரும் நம் பிள்ளைகள் அங்கே உணவகத்தில் உண்ட சுவையை வீட்டில் கேட்டார்கள். தாய்மார் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் தந்தையே நூடுல்ஸ் ஆக்கிக் கொண்டுவந்தார். அது பசையாக ஒட்டிக்கொண்டு கரண்டியோடு மொத்தமாக எழுந்து வந்தது. ஆயினும் ஆண்மகன் ஒருவன் பந்திக்குச் சமைத்துக் கொண்டுவந்த முதல் பாத்திரம் அது என்பதைச் சங்க வரலாற்றில் குறிக்க வேண்டும். இதுவரை நாங்கள் குறித்த எல்லாப் பாத்திரங்களையும் பெண்களே சுமந்து வந்தார்கள். மேடையில் நின்று நன்றி சொன்னவர்கள் ஆண்கள்.

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றுக்கு வருகிறோம். மாட்டுக்கறி.

சங்கம் தொடங்கி ஏழெட்டு ஆண்டுகள் ஆன ஒரு விழாவுக்கு, வெளியூரிலிருந்து அதிகாரி ஒருவரும் ஊரிலிருந்து பெரியவர்கள் சிலரும் வருவதாக இசைந்திருந்தார்கள். அன்று மாலை நம் காலனித் தாய் ஒருவர், மூடியிட்ட பித்தளைக் குண்டானில் மாட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தார். மிளகும் கொத்தமல்லியும் தேங்காயும் அரைத்துவிட்ட குழம்பு. மூடியைத் திறக்குமுன்னே மணம் தெரிந்தது. விருந்துக் குழுவைச் சேர்ந்த நாங்கள் அவரைத் தனியே அழைத்து, விருந்தினர் வருகிறார்கள், இதைப் பின்னால் வையுங்கள், அவர்கள் போன பிறகு பரிமாறலாம் என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. குண்டானைத் தூக்கி மறுபடியும் இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பல ஆண்டுகள் நம் பந்திக்கு அவர் வரவில்லை.

நம் பெரியவர்களைப் பந்தி முடியும்வரை வீட்டின் பின்புறம் காத்திருக்கச் சொன்னவர்களைப் பற்றிச் சற்று முன்பு பேசினோம். அன்று அந்தத் தாயின் பாத்திரத்தைப் பின்புறம் காத்திருக்கச் சொன்னவர்கள் நாங்கள். இதை வெள்ளி விழா மலரிலும் எழுத வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தோம். சிலர் வேண்டாம் என்றார்கள். எழுதாவிட்டால் இந்த உரையில் மற்றவற்றை எழுத எங்களுக்கு உரிமை இல்லை என்று பெரும்பாலோர் கருதினார்கள்.

அண்ணலையே சான்று காட்டி, மாட்டுக்கறியை விடச் சொன்னவர் அவர்தாமே என்று நம்மவர் சிலர் வாதிடுவதுண்டு. அவர் 1927இல் விடச் சொன்னது செத்த மாட்டின் இறைச்சியை. ஊரில் மாடு செத்தால் நம்மவர் போய்ச் சுமந்து, உரித்து, அதற்குக் கூலியாக அந்த இறைச்சியையே பெற வேண்டும் என்ற கட்டாயத்தை அறுக்கச் சொன்னார். 1948இல் அவர் எழுதி வெளியிட்ட தீண்டப்படாதவர்களைப் பற்றிய ஆராய்ச்சி நூலில், ஒரு காலத்தில் எல்லோரும் மாட்டிறைச்சி உண்டார்கள் என்பதையும், பின்னர் மற்றவர் விட்ட பிறகு விடாதவர்மீது தீண்டாமை ஏற்றப்பட்டது என்பதையும் வாதமாக வைத்தார். உழைத்த காசில் கடையில் வாங்கிய கறிக்கும், அடிமைக் கூலியாக வந்த செத்த கறிக்கும் வேறுபாடு உண்டு. விரும்பாதவர் உண்ண வேண்டியதில்லை. நம்மிலேயே சைவ உணவினர் இருக்கின்றனர், பௌத்தம் தழுவியோர் இருக்கின்றனர், திருத்தணி முருகனுக்கு மாலை போட்டோர் இருக்கின்றனர். உண்பவர் ஏன் ஒளித்து உண்ண வேண்டும் என்பதே வினா.

இந்த வினா மணவூருக்கு மட்டும் உரியதன்று. நம் ரயில் பாதையிலேயே மேற்கே போனால் ஆம்பூர். அங்கே 2022 மே மாதத்தில் மாவட்ட நிருவாகம் பிரியாணித் திருவிழா ஒன்றை நடத்த ஏற்பாடு செய்தது. ஆம்பூர்ப் பிரியாணி என்றால் ஆடும் கோழியும் மாடும் உண்டு. அவ்வூரில் மாட்டுக்கறிப் பிரியாணி விற்காத தெரு அரிது. ஆனால் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இதைப் பாகுபாடாகக் கருத வேண்டியிருக்கும் என்று விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்களுக்குப் பித்தளைக் குண்டான் நினைவுக்கு வந்தது. மாவட்ட நிருவாகம் செய்ததை நாங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டோம். எங்களிடம் விளக்கம் கேட்க ஆணையம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த விழாவுக்கு வந்த விருந்தினர் என்ன உண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவருக்காகக் குண்டானைத் திருப்பி அனுப்பினோமோ, அவர்கள் நம் சாம்பாரையும் தொடவில்லை, புளிச்சோற்றையும் தொடவில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்கு விரதம். ஒருவர் வீட்டில் இப்போதுதான் உண்டு வந்தார். வாழைப்பழம் உரித்துத் தின்றார்கள், மூடி திறக்காத சோடாப் புட்டி கேட்டு வாங்கிக் குடித்தார்கள். தோலுள்ள பழமும் மூடியுள்ள புட்டியும்! நம் கை படாத பொருள் எது என்று எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்தார்கள் என்பதை அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் உணர்ந்தோம். அப்படியிருக்கச் சிக்கல் கறியில் இல்லை. கறி நீங்கினாலும் கை நீங்குவதில்லை.

இதை நாட்டு நடப்பும் காட்டுகிறது. சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், 1920இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு கொடுக்கத் தொடங்கியது. காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நம்மில் வயதானவர்கள் பலர் அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்குப் போனவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமாவின் மணம் அவர்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் காலை உணவு வந்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இத்திட்டங்கள் கற்றுக் கொடுத்தன. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் சமைத்தவர் யார் என்ற வினா எழும்போது வரிசை கலைகிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், நம் இனத்துப் பெண் ஒருவர் சமையலராக வந்ததற்காக ஊரார் எதிர்த்துப் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டிப் பள்ளியில், காலை உணவைச் சமைத்தவர் தலித் பெண் என்பதால் பிள்ளைகள் உண்ணாமல் தடுக்கப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சரும் அதிகாரிகளும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ட பின்னரே நிலைமை மாறியது. காமராசர் சோறு போடத் தொடங்கிய எட்டயபுரத்துக்கு அருகிலேயே, அறுபத்தேழு ஆண்டுகள் கழிந்த பிறகு!

ஒன்றாக உண்பதை ஒரு போராட்டமாகச் செய்தவர்கள் நமக்கு முன்பே உண்டு. கேரளத்தில் சகோதரன் ஐயப்பன் 1917 மே மாதம் செறாயியில் ஒரு சிறு விருந்து நடத்தினார். ஈழவ இளைஞர்கள் புலையர் இனத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து உண்டார்கள். சோற்றுக்குத் துணையாகப் பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த பொரியல், அவ்வளவே விருந்து. அதற்காக அவர் சாதியார் அவரை விலக்கினார்கள். புலையன் ஐயப்பன் என்று ஏசினார்கள். அவர் அந்தப் பெயரை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். அந்த விருந்தில் எங்களைக் கவர்வது அதன் எளிமை. பலாக்கொட்டைக்கு விலை ஏது? அதை உண்டதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

அதே சமயம் அண்ணல் 1936இல் சாதியை ஒழிக்கும் வழியைப் பற்றி எழுதியபோது, சமபந்தியால் மட்டும் சாதி ஒழியாது என்று தெளிவாகச் சொன்னார். விடுதலை நாளன்று கோயில்களில் அரசு நடத்தும் பொது விருந்துகளைப் பாருங்கள். அமைச்சரும் ஆட்சியரும் நம்மோடு ஒரே வரிசையில் அமர்கிறார்கள். நாளிதழில் படம் வருகிறது. நல்லதே. ஆனால் அந்த உணவைக் கோயில் மடைப்பள்ளி ஆக்குகிறது. நம் அடுப்பில் ஆக்கிய சோற்றை அவர்கள் உண்ணும் பந்திக்குப் படம் எடுக்க இன்னும் எவரும் வரவில்லை.

இனி இன்றிரவைப் பற்றிய செய்தி. வெள்ளி விழாவாகையால் பெருங்கூட்டம் வரும், முழு விருந்தையும் ஒப்பந்தச் சமையற்காரரிடம் விட்டுவிடலாம், எல்லோரும் உண்ணும்படி சைவமாகவே வைத்துவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. அதை முன்மொழிந்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று மிகவும் நியாயமானது. நம் பெண்கள் களைத்திருக்கிறார்கள். நூறு நாள் வேலையும் பால் கறப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் போக, விழா நாளிலும் அடுப்படியில் நிற்க வேண்டுமா என்று இளம்பெண் ஒருத்தி கேட்டாள். அவைக்கு முன் நல்ல விடை இருக்கவில்லை. பாத்திரம் கொண்டுவர இயலாத வீடுகள் வெட்கப்பட்டு வராமற்போவதையும் ஒருவர் சுட்டினார். அதுவும் உண்மை. முன்பொரு காலத்தில் ஒன்றும் இல்லாதவர் விறகு கொண்டுவந்தார், வாழையிலை அறுத்து வந்தார், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எல்லாம் ஒரே கணக்கு. இப்போது எரிவாயு, காகிதத் தட்டு, தண்ணீர்ப் புட்டி. ஒன்றும் இல்லாதவர் கொண்டுவரும் பொருளுக்கு நம் பந்தியில் இடம் குறைந்துவிட்டது. பிரியாணி வந்ததைவிட இந்த மாற்றமே எங்களுக்குப் பெரியதாகத் தோன்றுகிறது.

நீண்ட நேரம் பேசிப் பின்வருமாறு முடிவாயிற்று. சோறும் சாம்பாரும் சங்கச் செலவில் ஆகும். அதை நம் மாணவர் விடுதியில் படித்த முன்னாள் மாணவர்கள், ஆண்கள் மட்டும், பிற்பகல் முதல் கொல்லைப்புறத்தில் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள். புகை இங்கே வருவதைக் கொண்டு அடி பிடித்திருக்கலாம் என்று அஞ்சுகிறோம். மற்றவை வீட்டுப் பாத்திரங்கள். விரும்புவோர் விரும்பியதைக் கொண்டுவரலாம், ஒன்றும் கொண்டுவராதவரும் முதல் பந்தியிலேயே உட்காரலாம். இலை அறுக்க, தண்ணீர் மொள்ள, பரிமாற ஆள் வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்கள் வாருங்கள். தண்ணீர்ப் புட்டி வாங்கவில்லை. குடங்களில் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். அழைப்பிதழில் உணவு வகைகளையும் அச்சிட்டோம்: சோறு, சாம்பார், கேழ்வரகுக் களி, புளிச்சக்கீரை, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, கோழி பிரியாணி, மாட்டுக்கறி வறுவல், பால்பாயசம். சைவ உணவுக்கு வேறு மேசை, வேறு கரண்டி. ஆனால் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். பித்தளைக் குண்டானோடு திரும்பிப் போன தாயின் வீட்டுக்கு மூன்று முறை சென்று அழைத்தோம். முதல் இரு முறையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் முறை, கறிக்கு இப்போது என்ன விலை தெரியுமா என்று கேட்டார். வாங்கித் தருகிறோம் என்றோம். உங்கள் காசு எனக்கு எதற்கு என்றார். வருவார் என்றோ வரமாட்டார் என்றோ சொல்லவில்லை.

பாத்திரம் கொண்டுவந்தோர் ஏழு மணிக்குள் மேற்குத் தாழ்வாரத்தில் வைத்துவிட வேண்டுகிறோம். மூடியிலும் அடியிலும் பெயரெழுதிய தாளை ஒட்டுங்கள். சென்ற ஆண்டு இரண்டு வீட்டுக் குண்டான்கள் மாறிப் போய்ப் பெரும் சண்டையாயிற்று. குழம்புப் பாத்திரங்களுக்குக் கரண்டியும் சேர்த்துக் கொண்டுவருக. கழுவிய பாத்திரங்களை நாளைக் காலை எட்டு மணிக்கு மேல் சங்கக் கட்டடத்தில் பெற்றுக்கொள்ளலாம்.